நானூற்றுப் பன்னிரண்டு சிரிப்புகள்

பேசாலை,
20.10.2024

அன்பின் தங்கச்சி நிருஷாவுக்கு,

வெற்றி மாதாவின் தயவால் இங்கே எல்லோரும் சுகம். மலைக்குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா என்று என் அம்மா இரண்டு நாளைக்கு ஒருமுறை கேட்கிறார்.

நீ மடத்துக்குப் போய் இரண்டு மாதமாகிறது. கன்னியாஸ்திரியாகப் போகிறவள் கடைசியாகச் செபம் கேட்பாள் என்று நினைத்தேன். நீயோ பஸ் யன்னலால் தலையை நீட்டி, "அக்கா, ரெண்டாம் பாகம் வந்தா ஒவ்வொரு கிழமையும் என்ன நடந்ததெண்டு எழுதுங்கோ! சனம் கீழ என்ன எழுதினதெண்டும் எழுதுங்கோ, அதுதான் முக்கியம்!" என்று கத்தினாய். உன் பக்கத்தில் இருந்த சிஸ்டர் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

இரண்டாம் பாகம் வந்துவிட்டது. கடிதங்களை முதலில் மதர்தான் வாசிப்பார் என்று சொன்னாயே, அவருக்காகச் சில வரிகள். 'மறந்த குடைகள்' ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் தொடர். கடலோரத்தில் ரயில் பாதையின் கடைசி நிலையம். அங்கே தொலைந்த பொருட்களைச் சேர்த்துவைக்கும் ஒரு கந்தோர். ரயிலுக்குப் பயந்த நிலைய அதிபர் ஒகுரா. தன் குடையைத் தேடி வந்து அங்கேயே வேலைக்கு நின்றுவிட்ட ஹனே என்ற பெண். மூன்று நிலையம் தள்ளித்தான் அவளுடைய தாய் இருக்கிறாள், ஆனால் போகமாட்டாள். பிறகு ஒரு வாத்து. ஏழு வருடமாக யாரும் கேட்டு வராததால் கழுத்தில் 'பொருள் இலக்கம் 44' என்ற அட்டையோடு திரிகிறது.

முதல் பகுதி முழுவதும் கேத்தில் கொதிப்பதற்காகக் காத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. கீழே, இணையத்தில் பார்த்தவர்கள் எழுதும் கருத்துப் பெட்டியில் சண்டை. ஒருவர்: "இருபத்து நாலு நிமிசம் கேத்தில் கொதிக்கிறதைப் பாத்தன். என்ர வீட்டிலயும் கேத்தில் இருக்கு." அதற்குப் பதில்: "உங்கட கேத்திலுக்குப் பக்கத்தில வாத்து நிக்குதோ?" இன்னொருவர், டொரொண்டோவிலிருந்து: "ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் நான் அழுதேன். இது வருத்தமா, வயதா?"

நானும் வழமைபோல எழுதினேன். 'மூன்றாம் வரிசை' என்ற பெயருக்குப் பின்னால் நான்தான் இருக்கிறேன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். கோவிலில் நாம் குசுகுசுத்த அந்த மூன்றாம் வரிசையில் இப்போது தனியே இருக்கிறேன். வேலைசெய்யும் நூலகத்தில் நான் வாய் திறப்பதில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். திறக்கிற இடம் அவர்களுக்குத் தெரியாது.

சின்னம்மா நலம். நண்டு சுத்தம் செய்யும் கம்பனிக்குப் போய்வருகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்களை உன் செபத்தில் வைத்துக்கொள்.

உன் அக்கா,
டினோஜா


பண்டாரவளை,
5.11.2024

அன்பின் டினோஜாக்காவுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும். நான் சுகம். மூக்கு மட்டும் எந்நேரமும் ஈரம்.

மதர் கடிதத்தை என்னிடம் தரும்போது முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டுக் கோப்பை கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்று, "அந்த வாத்தைக் கேட்டு ஆரும் வருவினமோ?" என்றார். தெரியாது மதர் என்றேன். "வரத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் புதுப்பிள்ளைகள் ஏழு பேர். பொழுதுபோக்கு நேரத்தில் உங்கள் கடிதத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கேத்தில்காரருக்கு இங்கே மூன்று ஆதரவாளர்கள்.

அக்கா, வாத்துக்கும் சனத்துக்கும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சின்னம்மாவுக்கு, என் அம்மாவுக்கு, ஒரே ஒரு வரி. எண்ணிப் பார்த்தேன்.

அம்மாவுக்கு இரண்டு கடிதம் போட்டுவிட்டேன். பதில் இல்லை. நான் வெளிக்கிட்ட அன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று, "இனி எனக்குப் பிள்ளை இல்லை" என்றது கோபத்தில் சொன்னதுதான் என்று இன்னும் நினைக்கிறேன். அப்பா போன பிறகு பதினைந்து வருடம் நானும் அவவும் ஒரே தலையணையில் படுத்தோம். இப்போது இங்கே எனக்கென்று தனியாக ஒரு தலையணை தந்திருக்கிறார்கள். நித்திரை வரமாட்டேன் என்கிறது.

அடுத்த கடிதத்தில் அம்மாவுக்கு ஐந்து வரியாவது எழுதுங்கள்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. நீங்கள் எல்லோரும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

நிருஷா


பேசாலை,
24.11.2024

என் அன்பு நிருஷாவுக்கு,

இங்கே விடாத மழை. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, மாதாவுக்கு நன்றி. உன் மூக்கு எப்படி?

சின்னம்மாவுக்கு ஐந்து வரி. கொஞ்சம் மெலிந்திருக்கிறார். பூசைக்கு வருகிறார், பின்னால் நின்றுவிட்டு முதலாவதாகப் போய்விடுகிறார். உன் பெயரை எடுத்தால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறார். கம்பனியில் கூட வேலை செய்யும் லூசியாக்காவின் பழைய போனை வாங்கியிருக்கிறார், யாருக்கு அடிக்கவோ தெரியாது. உன் கடிதங்கள் கிடைத்தன என்று மட்டும் சொன்னார்.

இனி உனக்குப் பிடித்த பகுதி. இந்த முறை கருத்துப் பெட்டியில் ஒரு புதையல் கிடைத்திருக்கிறது. 'கடற்பூ' என்று ஒரு பெண், படத்துக்குப் பதில் மடு மாதா. ஒவ்வொரு பகுதிக்கும் கீழே முழுக் கடிதம் எழுதுகிறார். கருத்து இல்லையடி, கடிதம்! ஹனேவுக்குத் தடிமன் பிடித்த பகுதியின் கீழே எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன், சிரிக்காமல் வாசி:

"அன்புள்ள மகளுக்கு நான் நலம் நீ நலமா போன கிழமை உனக்குத் தடிமன் என்று கண்டேன் ஈரத்தலையோடு படுக்காதே பிடரி குத்தும் என்று எத்தனை தரம் சொன்னேன் அந்த வாத்தைக் கட்டிலில் ஏற்றாதே அது கழிந்தால் ஓமத்தண்ணி அரைக் கரண்டி கொடு உன் மேலதிகாரி நல்ல மனிதன் ஆனால் பயந்தவன் இங்கே வாடை தொடங்கிவிட்டது வேறு விசேடம் இல்லை இப்படிக்கு அம்மா"

கார்ட்டூன் பெண்ணுக்கு! ராமேஸ்வரம் பக்கம் யாரோ ஒரு பாவம் என்று நினைக்கிறேன். இப்படி மூன்றைப் படம் பிடித்து ரசிகர் குழுவில் போட்டேன். மேலே நான் எழுதியது இதுதான்: "இந்தத் தொடரின் மிகச் சிறந்த பாத்திரம் கதைக்குள் இல்லை, கருத்துப் பெட்டிக்குள் இருக்கிறார். இது கார்ட்டூன் என்று யாராவது இந்த அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், நெஞ்சு பலவீனமாக இருக்கும்."

நானூற்றுப் பன்னிரண்டு பேர் சிரித்திருக்கிறார்கள். "வாத்து டாக்டர்" என்று அவருக்குப் பட்டமும் வைத்துவிட்டார்கள். நான் எழுதி இத்தனை பேர் ஒருநாளும் சிரித்ததில்லை. உனக்கு ஒளிப்பானேன், பெருமையாகத்தான் இருந்தது.

குளிரில் கவனம். மதருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

டினோஜா அக்கா


பண்டாரவளை,
15.12.2024

அன்பின் அக்காவுக்கு,

பிறக்கப்போகும் பாலன் உங்கள் எல்லோருக்கும் நல்ல சுகத்தைத் தரட்டும். நான் இருக்கிறேன்.

கடிதத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்தேன். முழுவதும் வாசிக்கவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஒரு உதவி. அந்தப் பெண் எழுதியது எல்லாவற்றையும், ஒரு சொல் விடாமல், பார்த்து எழுதி அனுப்புங்கள். அவவைப் பார்த்து இனிச் சிரிக்க வேண்டாம். காரணம் கேட்க வேண்டாம்.

நத்தார் வாழ்த்துகள்.

நிருஷா


பேசாலை,
12.1.2025
(அனுப்பாதது)

நிருஷா,

சுகம் கேட்டுத் தொடங்கக் கை வரவில்லை.

வருடம் பிறந்த மறுநாள் பலகாரத் தட்டோடு சின்னம்மா வீட்டுக்குப் போனேன். முற்றத்துக் கதிரையில் போனும் கையுமாக இருந்தார்.

"நல்ல நேரம் வந்தனி பிள்ளை. இதில நான் எழுதினதுகளை எப்பிடி அழிக்கிறது?"

"எதில சின்னம்மா?"

போனை நீட்டினார். 'மறந்த குடைகள்' பக்கம். மூலையில் மடு மாதா. பக்கத்தில் 'கடற்பூ' என்ற பெயர்.

"ஆரோ ஒரு படிச்ச பிள்ளை என்ர எழுத்தைப் படம்பிடிச்சு ஊருக்குக் காட்டிப்போட்டுது. கம்பனியில லூசியாதான் கொண்டுவந்து காட்டினவள். நான் எழுதினதெண்டு அவளுக்குத் தெரியாது, வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறாள். நானும் சேந்து சிரிச்சனான். வேற என்ன செய்ய?"

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, ஏன் சின்னம்மா அங்கே எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"உன்ர தங்கச்சி படத்தைவிடக் கீழ கிடக்கிறதைத்தானே கூட வாசிப்பாள். எண்டைக்காவது அவளுக்குப் போன் குடுப்பினம்தானே. அப்ப அது அங்க கிடக்கும்."

"கடிதமே போட்டிருக்கலாம்."

"கடிதம் போட்டா நான் இறங்கி வந்திட்டன் எண்டு ஆகும். இது அப்பிடி இல்லை. படம் பாக்கிற சனத்தில நானும் ஒராள்."

நான் தரையில் இருந்தேன். ஒன்பது கடிதங்கள். ஒவ்வொன்றையும் தொடும்போது, நிச்சயமாக அழிக்கவா என்று போன் கேட்டது. ஒன்பது தரமும் ஓம் என்று அழுத்தினேன். வாசித்துவிட்டு அழுத்தியிருக்கலாம். வாசித்தால் அழுதுவிடுவேன், அழுதால் பிடிபட்டுவிடுவேன் என்று வாசிக்காமல் அழித்தேன். முடிந்ததும் சின்னம்மா என் தலையைத் தடவி, "கெட்டிக்காரி" என்றார்.

நான் தட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.


பேசாலை,
12.1.2025

அன்பின் நிருஷாவுக்கு,

புதுவருடம் உனக்கு நலமாக அமையட்டும். நாங்கள் சுகம்.

நீ கேட்ட அந்தப் பெண்ணின் எழுத்துகள் இப்போது அந்தப் பக்கத்தில் இல்லை. அழித்துவிட்டார்கள். தொடரும் முடிந்துவிட்டது. முடிவைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பிறகு எழுதுகிறேன்.

சின்னம்மா நலம்.

அன்புடன்,
டினோஜா


பண்டாரவளை,
16.2.2025

அன்பின் அக்காவுக்கு,

நீங்களும் பெரியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்களுக்கு ஒரு வாரத் தியானம் முடிந்தது. பேசாமல் இருக்க வேண்டும். எனக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை.

தோட்டத்தில் லீக்ஸ் நட்டிருக்கிறோம். வாத்துக்கு என்ன நடந்தது என்று மதர் கேட்டார். அக்காவுக்கு நூலகத்தில் வேலை கூட என்று சொன்னேன்.

தவக்காலம் வருகிறது. ஒருவருக்கொருவர் செபித்துக்கொள்வோம்.

நிருஷா


பேசாலை,
9.3.2025

நிருஷாவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா என்று உண்மையாகவே கேட்கிறேன். உன் போன கடிதத்தில் சின்னம்மாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதை இரண்டு வாரமாகத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

மதர் அவர்களே, இதை முதலில் வாசிக்கப்போவது நீங்கள். வாசியுங்கள். அதுவும் எனக்கு வேண்டியதுதான்.

கடற்பூ சின்னம்மாதான். எழுதியது எல்லாம் உனக்கு. கார்ட்டூன் பெண்ணுக்கு இல்லை. உனக்கு என்றைக்காவது போன் கிடைத்தால் முதலில் நீ அங்கேதான் போவாய் என்று நம்பி எழுதியிருக்கிறார். அதைச் சந்திக்கு இழுத்தது நான். பிறகு அவரே என்னிடம் போனைத் தந்து அழிக்கச் சொன்னபோது, அவர் குறை சொன்ன அந்தப் 'படிச்ச பிள்ளை' நான்தான் என்று சொல்லாமல் ஒன்பதையும் என் விரலாலேயே அழித்தேன். ஜனவரியில் உனக்கு 'அழித்துவிட்டார்கள்' என்று எழுதினேன். யாரோ போல.

ஒன்பதில் மூன்றுதான் மிச்சம். அவையும் நான் கேலி செய்யப் பிடித்த படங்களில் இருக்கின்றன. அந்தப் பதிவை அழித்துவிட்டு நல்லவளாகிவிடலாம் என்று பல தடவை கை போனது. அழித்தால் சின்னம்மா உனக்கு எழுதியது உலகத்தில் எங்கேயும் இருக்காது. கேலிக்குள்தான் அது பத்திரமாக இருக்கிறது. இதைவிட வெட்கக்கேடு எனக்குத் தெரியவில்லை.

முதலாவதை ஏற்கெனவே உனக்கு எழுதிவிட்டேன், சிரிக்காமல் வாசி என்று சொல்லி. மற்ற இரண்டும் கீழே. வாத்துக்குப் பிறந்தநாள் வந்த பகுதியில்:

"மகள் வாத்துக்கு மாலை போட்டதைக் கண்டேன் உன் பிறந்தநாளுக்கு இந்த முறை கேக் அடித்தேன் ஒரு துண்டு வெட்டி அலுமாரிக்கு மேலே வைத்தேன் எறும்பு வந்துவிட்டது அம்மா"

ஹனே வீட்டுக்குப் போன் அடித்து, யாரும் எடுக்காத பகுதியில்:

"மகள் எடுக்காததைக் கோபம் என்று நினைக்காதே கை முழுக்க நண்டு கழுவித் துடைத்து வருவதற்குள் நின்றுவிடுகிறது இன்னும் இரண்டு தரம் கூட அடிக்க விட்டிருக்கலாம் நான் வந்துகொண்டுதான் இருந்தேன் இப்படிக்கு அம்மா"

நண்டு என்ற சொல் இதில் இருக்கிறது, நிருஷா. எங்கள் ஊரில் விடிந்தால் நண்டு. அப்படியிருந்தும் எனக்கு ஒரு கணம்கூடச் சின்னம்மாவின் ஞாபகம் வரவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். கதைகளுக்குக் கீழே எழுதுகிறவர்கள் என்னைப் போலப் புத்தகம் வாசித்தவர்கள், மற்றவர்கள் சிரிப்பதற்கு இருப்பவர்கள் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்திருக்கிறது. இவ்வளவு வாசித்து நான் படித்தது அதைத்தான்.

சின்னம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் வீட்டு வழியால் போவதில்லை. கடற்கரையால் சுற்றிப் போகிறேன்.

சுகமாயிரு என்று முடிக்கும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியாது. சுகமாயிரு.

டினோஜா


பண்டாரவளை,
25.3.2025

அக்காவுக்கு,

உங்கள் உடம்பும் மனமும் தேற வேண்டுகிறேன்.

மதர் கடிதத்தைத் தந்து, "இனி உன்ர அக்காவின்ர கடிதங்களை நான் பிரிக்கமாட்டன்" என்றார். ஏன் மதர் என்று கேட்டேன். "பாவசங்கீர்த்தனம் கேக்கிறதுக்குச் சுவாமிக்குத்தான் அதிகாரம், எனக்கு இல்லை" என்றார்.

எனக்கு நவம்பரிலேயே தெரியும். ஈரத்தலையோடு படுத்தால் பிடரி குத்தும் என்று வேறு யார் சொல்வார்?

ஆனால் தெரிந்தது கொஞ்சம் பிந்தி. அதைத்தான் உங்களுக்கு எழுதாமல் விட்டேன். அன்று பிள்ளைகளுக்குச் சத்தமாக வாசித்தேன். அம்மாவின் எழுத்தை ராகம் போட்டு, கிழவியின் குரல் வைத்து வாசித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் கூடச் சிரித்தேன். 'பிடரி குத்தும்' என்ற இடத்தில் வாய் நின்றுவிட்டது. பிள்ளைகள் "வாசி, வாசி" என்று என் தோளைத் தட்டினார்கள்.

உங்களுக்கு நானூற்றுப் பன்னிரண்டு. எனக்கு ஆறு. என்னோடு ஏழு.

உங்களோடு கோபித்தால் என்னை மறைக்கலாம் என்று மூன்று மாதம் கோபித்துப் பார்த்தேன்.

அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். இங்கிருந்து நான் சொல்ல முடியாது. கடற்கரையால் சுற்றிப் போக வேண்டாம், கால் புதையும்.

நிருஷா


பேசாலை,
27.4.2025

அன்பின் நிருஷாவுக்கு,

உயிர்த்த ஆண்டவர் உன்னை நல்ல சுகத்தோடு வைத்திருக்கட்டும். நான் சொல்லிவிட்டேன்.

பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை முடிந்து வந்தவரை, வீட்டு வாசலில் வைத்துப் பிடித்தேன். நின்றபடியே சொன்னேன். இருந்தால் எழும்ப மாட்டேன் என்று பயமாக இருந்தது. சின்னம்மா செருப்பைக் கழற்றி, கால் கழுவி, கதிரையில் இருந்து, கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்தார்.

"நீயோ அது?"

"ஓம் சின்னம்மா."

"நான் அந்தப் பிள்ளையைப் பற்றி அந்தோனியாரிட்ட முறைப்பாடு வைச்சனான். மெழுகுதிரியும் கொளுத்தினனான். அவளுக்கு நல்லா நாக்கு வீங்க வேணுமெண்டு கேட்டனான்." பிறகு, "இனிப் போய் அதைத் திருப்பிக் கேக்க வேணும்" என்றார்.

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"அவளுக்குத் தெரியுமோ?"

உனக்கு எழுதி அனுப்பியதைச் சொன்னேன். மூன்றையும் என்று சொன்னேன். முகம் முழுவதும் மாறிவிட்டது, நிருஷா. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

"வாசிச்சவளோ?"

"ஓம்."

"சிரிச்சவளோ?"

நான் "இல்லை" என்றேன்.

கேட்பதற்கும் சொல்வதற்கும் நடுவில் இடைவெளி விடவில்லை. இனிப் பொய் சொல்வதில்லை என்று நினைத்துக்கொண்டு போய், பெரிய வெள்ளியன்றே ஒரு பொய். இதை நீ என்ன வேண்டுமானாலும் செய்.

மறுநாள் லூசியாக்காவின் கையில் எங்கள் பலகாரத் தட்டைக் கொடுத்து அனுப்பியிருந்தார். கழுவி, துடைத்து, வெறுமையாக. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு தட்டாவது வெறுமையாகப் போய் வந்ததை நான் கண்டதில்லை. குறைந்தது ஒரு பிடி சீனியாவது இருக்கும். என் அம்மா தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

பாஸ்கா வாழ்த்துகள். உன் செபத்தில் சின்னம்மாவை முதலில் வை.

டினோஜா


பண்டாரவளை,
15.6.2025

அன்பின் அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் சுகமாயிருக்க இறைவனை மன்றாடுகிறேன். நான் சுகம். மூக்குக்கூடக் காய்ந்துவிட்டது.

போன ஞாயிறு பெற்றோர் வரும் நாள். எனக்கு யாரும் வரமாட்டார்கள் என்று தேநீர் ஊற்றும் வேலையை நானே கேட்டு எடுத்தேன். கேத்திலோடு திரும்பினால் வாசலில் அம்மா. லூசியாக்கா பின்னால், பஸ் தலைசுற்றில் மரத்தைப் பிடித்துக்கொண்டு. மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார்கள்.

அம்மா நேரே என்னிடம் வந்தா. என் முக்காட்டுக்குள் விரலை விட்டுத் தலைமயிர் ஈரமா என்று பார்த்தா. அப்போது சொல்லிவிட்டேன், "அம்மா, நானும் சிரிச்சனான்" என்று.

"தெரியும்" என்றா. "டினோஜா உடன 'இல்லை' எண்டவள். உண்மையெண்டால் அவள் யோசிச்செல்லோ சொல்லுவாள்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா என் கையிலிருந்த கேத்திலை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "வாத்துக்கு ஓமத்தண்ணி எண்டு எழுதினா ஆர்தான் சிரிக்காயினம்? நான் எழுதேக்க எனக்கே சிரிப்பு வந்தது" என்றா. பிறகு குரல் மாறி, "ஆனா கம்பனியில வைச்சுச் சிரிச்சது கஷ்டமாய்த்தான் இருந்தது" என்றா.

மிச்சத் தொடர் முழுவதையும் மாமரத்தடியில் இருந்து எனக்குச் சொன்னா. வாத்தைக் கேட்டு ஒரு ஆள் வந்ததாம், வாத்து அவரோடு போகமாட்டேன் என்று ஒகுராவின் காலுக்குள் ஒளிந்ததாம். மதர் செபமாலையோடு நாலு தரம் எங்களைக் கடந்து போனார். ஐந்தாம் தரம் நின்றே விட்டார். கடைசியில் ஹனே ரயில் ஏறி மூன்று நிலையம் போய், வீட்டுக்கு முன்னால் நின்றாளாம். தாய் கதவைத் திறந்தாவாம்.

"திறந்தவவோ அம்மா?" என்று கேட்டேன்.

"ஓம். திறந்தவ" என்றா.

அக்கா, சனம் முடிவைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறது என்று எழுதினீர்களே. இவ்வளவு நல்ல முடிவுக்கு என்ன சண்டை?

பெரியம்மாவுக்கு என் அன்பு முத்தம்.

நிருஷா


பேசாலை,
6.7.2025

அன்பின் நிருஷாவுக்கு,

சோளகக் காற்றுத் தொடங்கி வாசலெல்லாம் மணல். என் அம்மாவுக்கு முழங்கால் நோ, மற்றப்படி சுகம். நீயும் மதரும் பிள்ளைகளும் நலம் என்று நம்புகிறேன்.

முடிவைப் பற்றிக் கேட்டாய். நான் பார்த்தபோது ஹனே வாசலில் நிற்பதோடு படம் முடிந்தது. கதவு திறந்ததா இல்லையா என்றுதான் சனத்துக்குச் சண்டை. நான் சரியாகப் பார்க்காமல் விட்டிருப்பேன். சின்னம்மா சொன்னதையே வைத்துக்கொள்.

அவர் அங்கிருந்து வந்த பிறகு நான் போய், அந்தப் பதிவை இனி அழிக்கவா என்று கேட்டேன். மூன்றையும் கையால் எழுதி உன்னிடம் தந்தாகிவிட்டதே. முற்றத்தில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் அழிக்கிறாய்? நான் எழுதினது கிடக்கட்டும். அதில என்ன பிழை?"

"நான் எழுதினது பிழை சின்னம்மா."

"அப்ப அதுக்குக் கீழ உன்ர பேரை எழுது. என்ர எழுத்துக்குக் கீழ நான் அம்மா எண்டு போட்டிருக்கிறன். நீ ஏன் வரிசைக்குப் பின்னால ஒளிச்சு நிக்கிறாய்?"

ஒன்பது நாள் ஆனது. நூலகத்துக்கு வரும் பிள்ளைகள், பங்குக் கோவிலில் பாட்டுப் படிக்கிறவர்கள், என்னோடு படித்தவர்கள், எல்லோரும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். நான் அமைதியான பிள்ளை என்று ஊர் நினைத்திருக்கிறது. அந்த நினைப்பு எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று இந்த ஒன்பது நாளில்தான் தெரிந்தது.

நேற்று எழுதினேன். "அன்புள்ள எல்லோருக்கும், நான் நலம், நீங்கள் நலமா. மேலே உள்ள கேலியை எழுதியவள் நான். இந்தக் கடிதங்கள் கார்ட்டூனுக்கு எழுதப்பட்டவை அல்ல. ஒரு தாய் தன் மகளுக்கு எழுதியவை. அந்தத் தாயை எனக்குத் தெரியும். வெட்கப்படுகிறேன். வேறு விசேடம் இல்லை. இப்படிக்கு, டினோஜா, பேசாலை."

அனுப்பிவிட்டுப் போனை அரிசிப் பானைக்குள் வைத்து மூடினேன். இன்று காலைப் பூசை முடிந்து வந்துதான் எடுத்தேன். பலர் பலவிதமாக எழுதியிருந்தார்கள். நான் எதிர்பார்த்தவை, எதிர்பார்த்ததைவிட மோசமானவை. நூலகத்துக்கு நாளை எப்படிப் போவது என்று தெரியவில்லை. போகத்தான் வேண்டும்.

ஆனால் எல்லோருக்கும் முதல், நான் அனுப்பி ஒரு நிமிடத்துக்குள், ஒருவர் சிரிப்பு முகம் ஒன்றைப் போட்டிருந்தார். பக்கத்தில் மடு மாதா.

நானூற்றுப் பதின்மூன்று.

உன் அக்கா,
டினோஜா